அடுப்பில் வைத்த பால்

பழைய சாமான் வாங்கப் போகிறவள் முகத்தை வீட்டில் கழற்றி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். இது சனூஸாவின் முதலாவது சட்டம். ஒரு பொருள் பிடித்துவிட்டது என்று கண் காட்டிக் கொடுத்துவிட்டால், பிறகு விலை தென்னையில் ஏறிக் குந்திக்கொள்ளும், இறக்கவே முடியாது. ஆகவே பிடித்த சாமானைப் பார்க்கவே கூடாது. அதற்குப் பக்கத்தில் கிடக்கிற நசுங்கிய சருவப் பானையை எடுத்து, திருப்பி, தட்டி, அதன் விலையைக் கேட்டு, உதட்டைப் பிதுக்கி, எழும்பிப் போகப்போகும் நேரத்தில், "சரி, இது என்ன விலை?" என்று காலால் காட்ட வேண்டும். கையால் காட்டினால் சாமானுக்கு மதிப்புக் கூடிவிடுமாம்.

கண்டி வீதியில் கப்பல்துறைப் பக்கம் ஒரு வெளியில் ஞாயிற்றுக்கிழமைகளில் பழஞ்சாமான் சந்தை கூடும். நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல்கள் திருத்தும்போது கழித்துவிடுகிற கட்டில்கள், கனடாவுக்குப் போனவர்கள் விட்டுப்போன அலுமாரிகள், மூடிய தொழிற்சாலைகளின் மேசைகள், கப்பலில் இருந்து இறங்கியவை என்று சொல்லி விற்கப்படும் விளக்குகள் எல்லாம் அங்கே தார்ப்பாய்களில் பரவிக் கிடக்கும். அந்த விளக்குகளில் பாதி கப்பலைக் கண்ணாலும் கண்டிராதவை. ஜமாலியாவில் சனூஸாவின் வீட்டில் கதிரை முதல் குசினிக் கத்தி வரை அங்கிருந்து வந்தவைதான். "இந்த வீட்டுல என்னை மட்டும்தான் இவ புதுசா எடுத்தது," என்று அவளுடைய கணவன் ரிஷாத் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லுவான். அவன் ஓட்டோ ஓட்டுகிறவன். சாமான் ஏற்றிவர வேறு ஆள் பிடிக்கத் தேவையில்லை என்பதால் அவனுடைய பகிடியை சனூஸா பொறுத்துக்கொள்வாள்.

அக்கம்பக்கத்துப் பெண்கள் கேட்டால் அவள் ஒன்றையும் ஒளிக்க மாட்டாள். அலுமாரி வாங்கப் போகிறாயா, கதவின் பொலிஷைக் கண்டு மயங்காதே. லாச்சியை முழுதாக உருவி எடுத்துப் பின்பலகையைப் பார், கறையான் முன்வாசலால் வருவதில்லை. பீங்கானை விரலால் சுண்டு, சத்தம் மொக்காகக் கேட்டால் எங்கேயோ வெடிப்பு ஓடியிருக்கிறது. பிளாஸ்க்கின் மூடியைத் திறந்து மணந்து பார். கதிரையில் மரியாதைக்குக் குந்தி எழும்பாதே, வீட்டில் சாய்கிற மாதிரிச் சாய்ந்து பார். மெத்தையும் தலகணியும் சும்மா தந்தாலும் வேண்டாம். டோர்ச் வாங்குவதென்றால் பற்றரியை வீட்டில் இருந்தே கொண்டுபோ. "பற்றரி போட்டா எரியும்" என்கிறவனின் டோர்ச் எந்தப் பற்றரிக்கும் எரியாது. மழை இருட்டிக்கொண்டு வரும் நேரம் போனால் இன்னும் நல்லது, தார்ப்பாயைச் சுருட்டுகிறவனுக்குத் திரும்ப ஏற்றிப்போக மனம் இருக்காது. இவை எல்லாவற்றுக்கும் மேலே, ஏன் விற்கிறார்கள் என்று கேள். பதிலைப் பற்றிக் கவலைப்படாதே, பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கிறான் என்று மட்டும் பார்.

இவ்வளவும் தெரிந்தவளுக்குத் தன்னுடைய முதலாவது சட்டத்தை மட்டும் காப்பாற்றத் தெரியாது என்பதுதான் வேடிக்கை. அவளுக்கு ஒரு பொருள் பிடித்துவிட்டால் முகம் அப்படியே மலர்ந்துவிடும். வியாபாரி பார்ப்பான், பக்கத்து வியாபாரி பார்ப்பான், தேத்தண்ணி விற்கிறவன்கூடப் பார்ப்பான். அவளும் சருவத்தைத் தட்டிப் பார்ப்பாள்தான், ஆனால் கண் போய் எங்கே நிற்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

அந்தக் குறைக்கு மருந்தாக வந்தவள் நிரோஜினி. லிங்கநகர்க்காரி. அவளுடைய கணவன் இராகுலன் எரிந்துபோன மோட்டர்களுக்குக் கம்பி சுற்றிக் கொடுக்கிற வேலை செய்கிறவன். இரண்டு பெண்களும் அறிமுகமானதே சண்டையில்தான் முடிந்திருக்க வேண்டும். கேக் போறணை ஒன்றை இருவரும் ஒரே நேரத்தில் தொட்டுவிட்டார்கள். "இது சரிவராது அக்கா, ஒரு பக்கம்தான் சூடேறும், எங்கட வீட்டில இதே சாதி இருந்தது," என்று நிரோஜினி பெருமூச்சு விட்டாள். சனூஸா கையை எடுத்தாள். கொஞ்சத் தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால், அதே போறணையை நிரோஜினி இடுப்பில் இடுக்கிக்கொண்டு போகிறாள். வேறொருத்தியாக இருந்தால் தலைமுடியைப் பிடித்திருப்பாள். சனூஸா வயிறு நோகச் சிரித்தாள். ஓடிப்போய்ப் பெயரைக் கேட்டாள். "இப்பிடி ஒரு வாய் எனக்கு இருந்தா நான் இந்தச் சந்தையையே வாங்கிருவன்," என்றாள். அன்றைக்கு அவள் சிரித்ததைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. சிரிக்கத் தெரிந்தவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்தேதான் போனார்கள். சனூஸாவின் வேலை ஆசைப்படுவது. அது அவளுக்குக் கஷ்டமில்லை. நிரோஜினியின் வேலை குறை சொல்வது. சனூஸா வியாபாரியோடு குசலம் விசாரித்துக்கொண்டிருக்க, நிரோஜினி சாமானைச் சுற்றி வருவாள், குனிவாள், அடியில் பார்ப்பாள், மூக்கைச் சுருக்குவாள். "சனூஸா, உனக்கென்ன விசரோ? இது ரெண்டு மாசம் தாங்காது. வா, போவம்." சனூஸாவின் முகம் மெய்யாகவே வாடும். வியாபாரி அந்த முகத்தைப் பார்ப்பான், கையைவிட்டுப் போகிற வியாபாரத்தைப் பார்ப்பான், விலையைத் தானாகவே இறக்குவான். "சும்மா ஏற்றிக்கொண்டு போங்க ராத்தா, மற்ற ஆளைப் பேசவேணாம் எண்டு சொல்லுங்க," என்று சனூஸாவை அக்கா முறை கொண்டாடி முடிப்பான்.

நட்பு சந்தையோடு நிற்கவில்லை. இரண்டாயிரத்துப் பத்தொன்பதில், தேவாலயங்களில் குண்டு வெடித்த பிறகு, பர்தா போட்ட பெண்ணைக் கண்டால் சிலர் விலகி நடந்த மாதங்களில், சனூஸா சந்தைக்கு வரவே மாட்டேன் என்று வீட்டில் இருந்தாள். நிரோஜினி வந்து இழுத்துக்கொண்டு போனாள். கையைக் கோத்தபடி நடுச்சந்தையால் நடந்தாள். யாராவது முறைத்தால் அவனுடைய சாமானுக்கு இரட்டிப்பாகக் குறை சொன்னாள். சனூஸாவின் மகள் றுஷ்தாவுக்கு டெங்கு வந்தபோது ஆஸ்பத்திரியில் மாறி மாறி இருந்தவளும் அவள்தான். கூடப்பிறந்தவள் இருந்தால் இவ்வளவு செய்வாளா என்று சனூஸா எல்லாரிடமும் கேட்பாள். கேட்டுவிட்டு, செய்ய மாட்டாள் என்று தானே பதிலும் சொல்வாள்.

ஆனால் அவர்களுடைய வேலை முறையில் ஒரு சிக்கல் இருந்தது. நிரோஜினி எல்லாவற்றுக்கும் குறை சொல்லுவாள். நல்ல சாமானுக்கும் அதே குறை, அதே மூக்கு. அப்படியானால் ஒரு சாமான் மெய்யாகவே பழுது என்றால் சனூஸாவுக்கு எப்படித் தெரியும்? ஒருமுறை, "கூடாது, வேண்டாம்" என்று நிரோஜினி தலைபாடாய் அடித்துக்கொண்டும், நடிக்கிறாள் என்று நினைத்து சனூஸா ஓட்டைத் தண்ணித் தாங்கி ஒன்றை வாங்கிவிட்டாள். அன்றைக்குத்தான் ஒரு சொல் வேண்டும் என்று முடிவுசெய்தார்கள். அந்தச் சொல்லும் தானாகவே வந்தது. அதற்கு முந்தின வாரம் நிரோஜினி மெய்யாகவே அடுப்பில் பாலை மறந்துவிட்டு வந்து பாதியில் ஓடியிருந்தாள். ஆகவே, "அடுப்பில பாலை வச்சிட்டு வந்தனான்" என்று அவள் சொன்னால் சாமான் பழுது, பேச்சு வேண்டாம், திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். மற்ற எல்லாம் வியாபாரிக்குச் சொல்வது. இந்த ஒன்று மட்டும் சனூஸாவுக்குச் சொல்வது. எத்தனையோ வருஷமாகச் சந்தையில் வாய் கூசாமல் பொய் சொன்ன அந்த இரண்டு பேருக்கும் நடுவில் உண்மை என்று இருந்தது அந்தச் சொல் ஒன்றுதான்.

இனி மெசின் கதைக்கு வருகிறேன்.

சனூஸா வீட்டில் தைக்கிறவள். கல்யாணத்துக்கு முன்னர் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் ஓவர்லொக் மெசினில் இருந்தவள். துணியின் ஓரம் பிரியாமல் சுற்றித் தைத்து, மிச்சத்தை வெட்டிவிடுகிற மெசின் அது. வீட்டில் இருந்தது சாதாரணத் தையல் மெசின். அதில் தைத்தால் ஓரம் கடைச் சாமான் மாதிரி வராது. டவுனில் துணிக்கடை வைத்திருக்கிற ஜமால்தீன் ஹாஜியார் அவளுடைய தையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தையல் நல்லாயிருக்கு மகள். ஓரம்தான் காணாது. ஓவர்லொக் ஒண்டு எடுங்க. பள்ளிக்கூடம் தொடங்க முதல் வெள்ளை உடுப்பு முழுக்க உங்களுக்குத்தான் தருவன்."

சனூஸாவுக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை. முன்னறையில் மெசின் எங்கே வரும், வெளிச்சம் எந்தப் பக்கத்தால் விழும், றுஷ்தா எந்த மேசையில் படிப்பாள் என்று ரிஷாத்தை எழுப்பி எழுப்பிக் கேட்டாள். அடுத்த நாள் காலையிலேயே நிரோஜினிக்குப் போன் எடுத்தாள். ஹாஜியார் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னாள். "நான் இருக்கிறன், நல்லது ஒண்டு வாற வரைக்கும் விடமாட்டன்," என்றாள் நிரோஜினி.

நல்லது ஒன்று வந்தது. மூதூர்க்காரர் ஸைனுலாப்தீன் நானா, மூடிய தொழிற்சாலை ஒன்றின் மெசின்களை லொறியில் கொண்டுவந்து இறக்கியிருந்தார். நடுவில் ஒரு ஓவர்லொக், மேசையோடு, மோட்டரோடு. மேசையின் மூலையில் தொழிற்சாலையில் நீலப் பெயின்ற்றால் எழுதிய இலக்கம் பாதி அழிந்து இருந்தது. சனூஸா அதை விரலால் தடவினாள். சில்லைக் கையால் சுற்றினாள். வெண்ணெயில் போவதுபோலப் போயிற்று. முகத்தை மறைக்க அவள் முயலக்கூட இல்லை.

மேல்பாகம் அவளுக்குத் தெரியும். மோட்டர் நிரோஜினியின் இலாகா. இராகுலனோடு வாழ்ந்து வாழ்ந்து, மோட்டரை மணந்து பார்த்தே நோய் சொல்லுவாள். அவள் மேசைக்கடியில் குந்தினாள், நெடுநேரம் இருந்தாள். வெளியே வந்து வழக்கம்போலத் தொடங்கினாள். துரு என்றாள், வயர் பழசு என்றாள், கால்மிதி இறுக்கம் என்றாள். ஸைனுலாப்தீன் நானா இறங்கி இறங்கி வந்தார். அவர் சொன்ன கடைசி விலை சனூஸா வீட்டில் நினைத்துக்கொண்டு வந்ததிலும் குறைவு. அவள் கைப்பையைத் திறந்துவிட்டாள்.

"ஐயோ சனூஸா," என்றாள் நிரோஜினி. "அடுப்பில பாலை வச்சிட்டு வந்தனான்."

திறந்த பை அப்படியே நின்றது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், சனூஸா மெசினைப் பார்த்தாள். பிறகு பையை மூடினாள். திரும்பி நடந்தாள். "ராத்தா, நில்லுங்க, இன்னும் குறைக்கலாம், கதைப்பம்," என்று ஸைனுலாப்தீன் நானா பின்னாலிருந்து கூப்பிட்டார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தச் சொல்லுக்குப் பிறகு திரும்பிப் பார்ப்பதில்லை என்பது ஒழுங்கு.

"மோட்டர் கருகினது," என்று நிரோஜினி வழியில் சொன்னாள். "உள்ளுக்கு வாணிஷ் அடிச்சு மறைச்சிருக்கினம். ஒரு கிழமை ஓடும், பிறகு புகைதான். மனுசர் இப்பிடியும் ஏமாத்துவினமோ?" சனூஸா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ இல்லாட்டி நான் இண்டைக்கு ஏமாந்திருப்பன், நிரோ," என்றாள். இதைச் சொன்னபோது அவளுடைய கண் கலங்கியிருந்தது. மெசின் போன கவலை பாதி, இப்படி ஒருத்தி கூட இருக்கிறாளே என்ற ஆறுதல் பாதி.

அடுத்த ஞாயிறு பேய் மழை, சந்தை கூடவில்லை. அதற்கடுத்த ஞாயிறு நிரோஜினி காய்ச்சல் என்றாள். இதற்கிடையில் சனூஸா இன்னும் கொஞ்சம் தவணை கேட்க ஹாஜியாரிடம் போனாள். அவர் சங்கடப்பட்டார். "வேற ஒரு ஆள் மெசினோட வந்திட்டுது மகள். பள்ளிக்கூடம் தொடங்கப் போகுது, எனக்கும் வேற வழியில்ல," என்றார். சனூஸா வீட்டுக்கு வந்து நிரோஜினிக்குப் போன் எடுத்து அழுதாள். "விடு சனூஸா," என்று நிரோஜினி இருமிக்கொண்டு ஆறுதல் சொன்னாள். "கடவுள் உனக்கு வேற ஒரு வழி வச்சிருப்பார்."

அந்த இருமல்தான் சனூஸாவை உறுத்தியது. தன் கவலையை மட்டும் கொட்டிவிட்டேனே, காய்ச்சல்காரியை ஒரு வார்த்தை சரியாக விசாரிக்கவில்லையே என்று வெட்கப்பட்டாள். அடுத்த நாள் வட்டிலாப்பம் அவித்தாள். நிரோஜினிக்கு அந்தத் தேங்காய்ப்பால் இனிப்பு என்றால் உயிர். ரிஷாத் அவளை லிங்கநகரில் ஒழுங்கை முனையில் இறக்கிவிட்டு, பக்கத்தில் ஒரு ஓட்டம் முடித்துக்கொண்டு வருகிறேன் என்று போனான்.

படலையைத் திறக்கும்போதே சத்தம் கேட்டது. சாதாரணத் தையல் மெசின் தட்டித் தட்டி ஓடும். ஓவர்லொக் அப்படியல்ல, ஒரே மூச்சில் இரையும். பத்து வீடு தள்ளிக் கேட்டாலும் சனூஸாவுக்கு அந்தச் சத்தம் தெரியும். அப்போதும் அவள் கெட்டதாக ஒன்றும் நினைக்கவில்லை. யாருடைய மெசினோ இராகுலனிடம் திருத்த வந்திருக்கிறது என்றுதான் நினைத்தாள்.

முன்னறையில் நிரோஜினியின் மகள் மதுர்ஷிகா இருந்தாள். ஏ.எல். பரீட்சை முடித்துவிட்டு வேலை இல்லாமல் இருந்த பிள்ளை. அவளுக்கு முன்னால் அந்த மெசின். மேசையின் மூலையில் பாதி அழிந்த நீல இலக்கம். நிலத்தில் வெள்ளைத் துணிக் கட்டுகள், ஹாஜியாரின் கடைப் பெயர் போட்ட பைகள்.

"வாங்கோ அன்ரி, வாங்கோ!" பிள்ளை துள்ளி எழும்பினாள். "அம்மா கடைக்குப் போட்டா, இப்ப வந்திடுவா. நானே உங்களிட்ட வரவேணும் எண்டு நினைச்சனான். அம்மாதான் இப்ப போகாதே, அன்ரிக்கு வேலை கூட எண்டவ."

"அம்மாவுக்குக் காய்ச்சல்..." என்றாள் சனூஸா.

"காய்ச்சலோ? இல்லையே." பிள்ளை ஒரு கணம் யோசித்தாள், பிறகு விட்டுவிட்டாள். சொல்ல வந்த சந்தோஷம் அவளுக்குப் பெரிதாக இருந்தது. "அன்ரி, உங்களுக்கு எப்பிடி நன்றி சொல்லுறதெண்டு தெரியேல்ல. மெசினையும் நீங்கள்தான் பாத்துக் குடுத்தனீங்களாம். ஹாஜியாரின்ர வேலையையும் உங்களுக்கு ஏலாதெண்டு எனக்கு விட்டுத் தந்தனீங்களாம். அம்மா சொல்லிச் சொல்லி அழுதவ."

சனூஸா வட்டிலாப்பப் பாத்திரத்தைத் துணிக் கட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். என்ன பதில் சொன்னாள் என்று அவளுக்கே பிறகு நினைவில்லை. ஏதோ சொல்லியிருக்கிறாள். பிள்ளை சிரித்துக்கொண்டே, "ஆனால் நூல்தான் அறுந்து அறுந்து போகுது அன்ரி, காலையில இருந்து மாரடிக்கிறன், கொஞ்சம் பாருங்கோவன்," என்றாள்.

இந்த இடத்தில் நானாக இருந்தால் அந்த மெசினைத் தூக்கி முற்றத்தில் எறிந்திருப்பேன். சனூஸா அதன் முன்னால் போய்க் குந்தினாள். உள்ளே வளைந்து ஓடுகிற இரண்டு கொக்கிகளுக்கும் முதலில் நூல் கோக்க வேண்டும், ஊசிக்குக் கடைசியில்தான். பிள்ளை தலைகீழாகக் கோத்திருந்தாள். சனூஸா நூல்களை உருவி எடுத்து மறுபடி கோத்தாள். விரல்கள் தாமாகவே வேலை செய்தன. துணித் துண்டு ஒன்றை வைத்து மிதித்தாள். ஓரம் வரிசையாக, இறுக்கமாக, கடையில் தொங்குகிற உடுப்பின் ஓரம் மாதிரி வந்து விழுந்தது. அவள் குனிந்து மோட்டரை மணந்து பார்த்தாள். மெசின் எண்ணெய் மணத்தது, வேறு எதுவும் மணக்கவில்லை. குனிந்தபடியே அவள் இன்னொருமுறையும் மணந்து பார்த்தாள். என்னைப் பைத்தியக்காரியாக்கிவிட்டாளே என்று நினைத்தாள். அவளுடைய கையைப் பிடித்து நன்றி வேறு சொன்னேனே.

நிமிர்ந்தபோது வாசலில் நிரோஜினி நின்றாள், கையில் மரக்கறிப் பையோடு.

"அம்மா, அன்ரி நூல் கோத்துத் தந்தவ! இப்ப என்ன வடிவா ஓடுது தெரியுமோ?"

நிரோஜினி பையைக் கீழே வைத்தாள். சனூஸாவைப் பார்க்கவில்லை. மெசினையும் பார்க்கவில்லை. அதற்குப் பக்கத்தில் கிடந்த கதிரையைப் பார்த்தாள்.

"அது பெரிசாச் சரியில்ல சனூஸா," என்றாள். "சத்தம் கூட. ஒரு பக்கம் தையல் இழுக்குது. கறண்ட் பில்லும் ஏறும். உனக்குச் சரிவந்திருக்காது. மது சும்மா பழகட்டும் எண்டுதான்..."

மூக்கு இலேசாகச் சுருங்கியிருந்தது. கீழுதடு பிதுங்கியிருந்தது. சனூஸாவுக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் அதற்குப் பக்கத்தில் தோளோடு தோள் நின்றிருக்கிறாள், அதைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்திருக்கிறாள். ஆனால் ஒரு நாளும் அது அவளைப் பார்த்து வந்ததில்லை. வியாபாரிகள் நிற்கிற இடத்தில் நின்று பார்த்தால் அது இப்படித்தான் இருக்கும் என்று இன்றைக்குத்தான் கண்டாள். எவ்வளவு அசிங்கமாக இருந்தது!

"நிரோ," என்றாள். "நான் இங்க சாமான் விக்க வரல்ல."

நிரோஜினி பிதுங்கிய உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"உனக்கு எத்தின பொய் தெரியும். நாள் முழுக்கச் சொல்லுவ. அதுல ஒண்ட என்னிட்டச் சொல்லியிருந்தா நான் கோவிச்சிருப்பன், ஏசியிருப்பன், ரெண்டு நாள் கழிச்சு நானே வந்திருப்பன். எங்களுக்குள்ள ஒரு உண்மைதானே இருந்துச்சு? அதை வச்சா எனக்குப் பொய் சொன்ன நீ?"

மதுர்ஷிகா தாயையும் சனூஸாவையும் மாறி மாறிப் பார்த்தாள். "அம்மா, அன்ரி விட்டுத் தந்தவ எண்டுதானே சொன்னீங்கள்?"

"நீ உள்ளுக்குப் போ," என்றாள் தாய். பிள்ளை போகவில்லை.

நிரோஜினி கதிரையில் குந்தினாள். அதன் பிறகு வந்த குரலில் நடிப்பு இல்லை. "இவள் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகப் போறன் எண்டு பாஸ்போட்டும் எடுத்து வச்சிருந்தவள். வீட்டில ஒரு வேலை இருந்தால் நிப்பாள் எண்டு நினைச்சனான். மேசைக்கடியில குந்தி மோட்டரைப் பாக்கேக்கை அவளின்ர முகம்தான் வந்தது. பின்னேரம் தனியப் போய் எடுத்தனான்."

"என்னிட்டச் சொல்லியிருக்கலாமே? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?" சனூஸாவின் குரல் உடைந்தது. "நான் தரமாட்டன் எண்டா நினைச்ச?"

"தந்திருப்பாய்," என்றாள் நிரோஜினி. இப்போது அவள் நேராகப் பார்த்தாள். "எனக்கு நல்லாத் தெரியும், தந்திருப்பாய். எல்லாருக்கும் நல்லவள் நீதானே. சந்தையில உன்னை ராத்தா எண்டுவினம், என்னைக் கண்டால் 'வந்திட்டுது' எண்டு முணுமுணுப்பினம். என்ர வாயைக் கெடுத்து உன்ர வீட்டை நிரப்பினனான். இதையும் உன்ர கையால வாங்கி, சாகும்வரைக்கும் உனக்கு நன்றி சொல்லிக்கொண்டு இருக்கவோ? அதுதான் கேக்கேல்ல."

மற்ற எல்லாவற்றுக்கும் சனூஸா ஆயத்தமாக இருந்தாள். மன்னிப்புக் கேட்டால் என்ன செய்வது, மறுத்தால் என்ன செய்வது என்றெல்லாம் மெசினுக்கு முன்னால் இருந்தபோதே நினைத்துவிட்டாள். இப்படி ஒன்று வரும் என்று நினைக்கவில்லை.

"அன்ரி, மெசினை நீங்கள் கொண்டுபோங்கோ," என்று மதுர்ஷிகா அழுதாள். "எனக்கு வேண்டாம். எனக்குத் தெரியாது அன்ரி, சத்தியமா எனக்குத் தெரியாது."

"தெரியும் மகள், உனக்குத் தெரியாது." சனூஸா எழும்பினாள். "வேலையை முடி. பள்ளிக்கூடம் தொடங்கப் போகுது, புள்ளயளுக்கு உடுப்பு வேணும்." அவளுடைய தலையைத் தடவினாள். நிரோஜினியைத் தாண்டிப் போகும்போது நிற்கவில்லை.

ஒழுங்கை முனையில் ரிஷாத் ஓட்டோவை நிறுத்தியிருந்தான். அவளுடைய முகத்தைப் பார்த்ததும் அவன் பகிடி விடவில்லை. கொஞ்சத் தூரம் போனபின் அவள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அவன் ஓட்டோவை ஓரம் கட்டினான்.

"அது களவு," என்றான். "விடு, இனி அந்தப் பக்கம் போகாத. அவ கேட்ட உடனே தூக்கிக் குடுக்கிற ஆளா நீ? நீயும் ஒருநாளும் குடுத்திருக்க மாட்ட."

அவன் அவளுக்காகத்தான் அப்படிச் சொன்னான். சனூஸாவும் அதைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தாள். "ஓம், நான் குடுத்திருக்க மாட்டன்," என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதைச் சொல்லிவிட்டால் போதும், இரண்டு பேரும் சரிக்குச் சரியாகிவிடலாம், மனம் கொஞ்சம் ஆறும். ஆனால் சொல்ல முடியவில்லை. அவள் கொடுத்திருப்பாள். ஹாஜியாரின் வேலையையும் மெசினையும் அந்தப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து சந்தோஷமாக நித்திரை கொண்டிருப்பாள். அது நிரோஜினிக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டேதான் செய்திருக்கிறாள்.